ஜோடி இருக்கா?

ஆபீசில் நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு எடுத்த டூர் மேனேஜர்களுக்குப் படிக்கக் கொடுப்பார்களாம். இனிமேல் பயணிகள் பஸ்ஸில் ஏறும்போது கையில் கட்டியிருக்கும் பட்டையைப் போனில் காட்ட வேண்டும். ஆள் குறைந்தால் போனே சத்தம் போடும். நல்லதுதான். அந்தப் போன் முப்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் முட்டி இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "சார், உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்கன்னு சுவாரசியமா எழுதுங்க" என்று ஆபீஸ் பெண் சொன்னாள். சுவாரசியமெல்லாம் என் கையில் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

என் பெயர் ராசு. பசுமலையில் இருக்கிறேன். மதுரையிலிருந்து வடநாட்டுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலையாக இருந்தது. இதில் முதல் பாதியை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சேர்ந்த கதை சுருக்கம். கப்பலூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் லாரியோடு சரக்கு கொண்டுபோகிற வேலை. நாக்பூர் வரைக்கும் போய் வந்ததில் கொஞ்சம் இந்தி ஒட்டிக்கொண்டது. அந்த இந்தியை நம்பி டூர் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று டூரில் மூட்டை ஏற்றினேன், நாலாவதில் ஆள் ஏற்றினேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

தாஜ்மகாலை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாசல் வரை போனதற்குக் கணக்கே இல்லை. உள்ளே போனது இரண்டு தடவை. அதிலும் இரண்டாவது தடவை ஒரு அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போனது. குனிந்த தலை நிமிராமல் போய், குனிந்தபடியே திரும்பினேன். கண்ணாடி கிடைத்தது, தாஜ்மகால் கிடைக்கவில்லை.

நான் பார்த்த இந்தியா முழுக்க வாசல்தான். பயணிகள் உள்ளே போவார்கள். அவர்களுடைய பை, குடை, ஸ்வெட்டர், செருப்பு எல்லாவற்றோடும் நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். கோனார்க் கோயிலின் பெரிய சக்கரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதன் வெளிச்சுவரில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழும் என்று தெரியும். அஜந்தாவில் குகைக்குள் இருக்கிற ஓவியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், கீழே எலுமிச்சை சர்பத் விற்கிறவருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேளுங்கள். சாஞ்சியில் ஒரு புங்க மரம், ஜெய்ப்பூர்க் கோட்டையில் யானை நிற்கிற மேடைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பெஞ்சு. இவையெல்லாம் என் இடங்கள்.

நம்ம ஊர் ஆட்களோடு போவதில் ஒரு வேடிக்கை உண்டு. எதைப் பார்த்தாலும் மதுரையை இழுப்பார்கள். ஜெய்சல்மேர் மணல்மேட்டில் ஏறி நின்று, "வைகை மாதிரியே இருக்குல்ல" என்பார்கள். காசியில் கங்கையைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் கடலுக்கா போகுது" என்று வருத்தப்படுவார்கள். பஞ்சாபில் பஸ் பஞ்சரானபோது உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் இறங்கி, கோதுமை வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார். 

சாயங்காலம் ஓட்டலுக்கு வந்த பிறகு அவரவர் பார்த்ததை அவரவர் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "அந்தத் தூணைப் பாத்தியா, அந்த மயிலைப் பாத்தியா" என்று வராந்தா முழுக்கப் பேச்சாக இருக்கும். நாற்பது பேருக்கு நடுவில் இருப்பேன். எனக்குச் சொல்ல ஆளும் கிடையாது, சொல்ல விஷயமும் கிடையாது. முதல் சில வருஷம் அது உறைத்தது. பிறகு அந்த நேரத்தில் அடுத்த நாளைக்கு பஸ்காரரிடம் பேசப் போய்விடுவேன்.

எங்கள் மேனேஜர் கோவிந்தராம் சாரைச் சொல்லாமல் இந்த வேலையைச் சொல்ல முடியாது. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, எங்களிடம் நிதானமான தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "ராசு, நீ" என்று ஆரம்பித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. "ராசு, நீங்க" என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. "வாங்க, உக்காருங்க" என்றால் வேலை போய்விட்டது. அப்படி அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் மறுநாள் வரவில்லை.

அவர் எங்களை ஆள் எண்ண விடமாட்டார். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் நம் பயணிகளுக்குப் பிடிக்காது, ஆகாது என்பார்கள். நான் ஆள் ஏற்றிய முதல் டூரில் அலகாபாத் ஸ்டேஷனில் எண்ண ஆரம்பித்தேன். மேலூர்க்காரர் ஒருவர், "என்ன தம்பி, பட்டியில ஆடு எண்ணுற மாதிரி எண்ணுறீக" என்றார். பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதுபோக, எண்ணிக்கை ஏமாற்றும். நம் ஆள் ஒருவர் குறைந்து, டீ விற்கிறவர் ஒருவர் ஏறியிருந்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

அதனால் அவர் ஜோடி போடுவார். ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் எல்லோரையும் அவரவர் பெட்டிமேல் உட்கார வைத்து, பெயர் வாசித்து இரண்டு இரண்டு பேராகச் சேர்ப்பார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். புருஷன் பெண்டாட்டியை ஒரு ஜோடியாகச் சேர்க்கவே மாட்டார். ஏன் சார் என்று ஒரு தடவை கேட்டேன். "அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்க மாட்டாங்கப்பா. பக்கத்துல இருக்காங்கன்னு நெனச்சுக்குவாங்க. புது ஆளுன்னாத்தான் திரும்பிப் பாப்பாங்க" என்றார். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சிரித்தேன்.

ஒவ்வொரு இடத்திலும் பஸ் கிளம்புவதற்கு முன்னால் நான் ஜோடி ஜோடியாகப் போய், "ஜோடி இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஜோடியில் ஒருவர் மற்றவர் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "இருக்கு" என்று சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் மறுபடியும் கேட்க வேண்டும். கூட்டத்தில் யாராவது ஒற்றையாக வந்திருந்தால் அவருக்கு ஜோடி நான். ஆணானாலும் பெண்ணானாலும் நான்தான்.

இன்னொரு விதியும் உண்டு. எல்லோர் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இந்தி. "நான் என் கூட்டத்தைத் தவறவிட்டுவிட்டேன். என்னை எங்கும் அழைத்துப் போக வேண்டாம். இங்கேயே இருக்க விடுங்கள். என்னைத் தேடி வருவார்கள்." கீழே மதுரை ஆபீஸ் நம்பர். பிளாட்பாரத்தில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி சார் ஒவ்வொரு டூருக்கும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்வார்: "தொலைஞ்சவங்க நகரக் கூடாது. ரெண்டு பக்கமும் தேடுனா ரெண்டு பக்கமும் தொலைஞ்சோம். தொலைச்சவன்தான் நடந்து வரணும்." இதை நானும் வீட்டில் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன், அவர் குரலிலேயே. என் மனைவி சரோஜா சிரிப்பாள்.

சரோஜாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் நான் வெளியே. பசுமலை வீட்டில் அவளும் ஒரு தையல் மிஷினும். ஒரே ஒரு தடவை, "என்னையும் ஒரு டூருக்குக் கூட்டிட்டுப் போங்களேன், பின்னாடி சீட்டுல சும்மா வாரேன்" என்று கேட்டாள். வேலை பார்க்கிறவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்பது சாருடைய விதி. அதைச் சொன்னேன். மறுபடி அவள் கேட்கவில்லை. மதுரைக்கு அந்தக் கோடியில், ஒத்தக்கடையில், அவள் தங்கை புருஷனை இழந்து தனியாக நின்றபோது, "கொஞ்ச நாள் கூட இருந்துட்டு வாரேன்" என்று மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். போய்ட்டு வா என்றேன். சண்டை ஒன்றுமில்லை. அப்போது நான் அமிர்தசரஸ் டூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த மாதம் நடந்தது.

அந்த டூரில் நாற்பத்தொரு பேர். இருபது ஜோடி போக மிச்சம் ஒருவர், வெள்ளையம்மா. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். துணைக்கு ஆளில்லாமல் வந்திருக்கிறாரே என்று ரயிலில் கேட்டேன்.

"துணையா? வீட்டுல ஒம்போது பேரு தம்பி. விடிஞ்சதுல இருந்து ஆத்தா அதெங்க, ஆத்தா இதெங்கன்னு ஒரே கூப்பாடு. ஒரு பதினஞ்சு நாளு என்னைய யாருமே கூப்பிடாத ஊருக்குப் போகணும்னு வந்தேன்" என்றார்.

"அப்ப நானும் கூப்பிடக் கூடாதா?"

"நீக ஜோடி. நீக கூப்பிடலாம்."

அவர் பஸ்ஸில் கடைசி நீள சீட்டைப் பிடித்துக்கொண்டார். கால் நீட்டிப் படுத்துக்கொள்ள வசதி. நான் எப்போதும் முன்னால் டிரைவர் கேபினில் இருப்பேன். டிரைவருக்கு வழி சொல்ல வேண்டும், தூங்காமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஜோடி என்றாலும் எங்களுக்கு நடுவில் ஒரு பஸ் நீளம்.

ஆக்ராவில் காலையிலேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஜெய்ப்பூர் போகிற வழியில் பத்தேபூர் சிக்ரிக்குப் போனோம். செக்கச் செவேலென்று கல்லால் கட்டிய பழைய தலைநகரம். மேலே ஒரு பெரிய முற்றம், நடுவில் வெள்ளைப் பளிங்கில் ஒரு முஸ்லிம் மகானின் சமாதி. அதன் கல்ஜன்னலில் நூல் கட்டி வேண்டிக்கொள்வார்கள். முற்றத்துக்கு இரண்டு வாசல். கிழக்கே ஒன்று சின்னது, அதன் வழியாகத்தான் எங்கள் ஆட்களை அனுப்புவேன். தெற்கே இன்னொன்று, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற பெரிய வாசல், அதிலிருந்து கிராமத்தைப் பார்க்க இறங்குகிற செங்குத்தான படிக்கட்டு. கிழக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். நான் வழக்கம்போலச் செருப்புக்குக் காவல்.

பாதிப்பேர் திரும்பி வந்திருந்தபோது கீழே பஸ் பக்கத்தில் சத்தம். எங்கள் பயணி ஒருவர் கையில் வாங்கிப் பார்த்த பளிங்கு யானைக்குத் தும்பிக்கை உடைந்துவிட்டது. விற்றவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். செருப்பை அங்கே இருந்த ஒரு பெரியவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன். அந்த இடத்தை விட்டு நான் நகர்ந்திருக்கக் கூடாது. யானைப் பஞ்சாயத்து முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் ஏறிவிட்டார்கள். எனக்கு எரிச்சல், டிரைவருக்கு அவசரம். ஆனாலும் விதியை விடவில்லை. பஸ்ஸுக்குள் சீட்டுகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு ஜோடியாகக் கேட்டேன். "ஜோடி இருக்கா?" "இருக்கு." இருபது தடவை கேட்டேன், இருபது தடவையும் பதில் வந்தது. ஒருவர் பார்க்காமல் சொன்னார். அவரை மறுபடி சொல்ல வைத்தேன். அம்புட்டு ஒழுங்கு. கதவைச் சாத்தச் சொல்லிக் கேபினில் போய் உட்கார்ந்தேன்.

என் ஜோடி இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கிறவன் நான்தானே.

இரண்டு மணி நேரம் கழித்து, பரத்பூரெல்லாம் தாண்டி, ரோட்டோரம் ஒரு இடத்தில் டீக்கு நிறுத்தினோம். எங்களோடு சமையல்காரர் முத்தையா வருவார். அடுப்பும் பாத்திரமும் பஸ்ஸின் அடியில் இருக்கும். ஒவ்வொரு பயணிக்கும் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று. டீயை ஊற்றி வரிசையாக வைத்துவிடுவார், அவரவர் டம்ளரை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் டிரைவரோடு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது முத்தையா வந்தார்.

"அண்ணே, ஒரு டம்ளர் நிக்கிது."

"யாருது மாப்ள?"

"வெள்ளையம்மா. படுத்திருக்காகன்னு எடுத்துட்டுப் போனேன். சீட்டுல பைதான் இருக்கு."

அந்த டம்ளரை நான் ஏன் கையில் வாங்கிக்கொண்டேன் என்று தெரியவில்லை. டீயோடு அப்படியே நின்றேன். அந்த அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் போன் இல்லை. என் கையிலும் அப்போது கிடையாது. நூறு கிலோமீட்டருக்குப் பின்னால், முன்பின் தெரியாத ஊரில், கழுத்தில் ஒரு அட்டையோடு நிற்கிறார். அதுவும் என் ஜோடி.

முத்தையாவிடம் எல்லோரையும் ஜெய்ப்பூர் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னேன். "அண்ணே, எனக்கு இந்தி வராதே" என்றார். "டிரைவருக்குத் தமிழ் வராது, ரெண்டும் சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். தக்காளி ஏற்றிய ஒரு ஜீப் நிறுத்தியது. பின்னால் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அவ்வளவு அழகான ரோட்டை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஒரு பூவும் என் கண்ணில் நிற்கவில்லை. அந்த அம்மா நகர்ந்திருக்கக் கூடாது, நகர்ந்திருக்கக் கூடாது என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சிக்ரியில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். மேலே ஓடினேன். கிழக்கு வாசலில் செருப்புப் பார்த்த பெரியவர் இல்லை. மற்ற செருப்பெல்லாம் போய், நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு இரண்டு மட்டும் படியோரத்தில் கிடந்தன. அவருடையதுதான். காலையில் வார் அறுந்து, ஊக்குப் போட்டுக் கொடுத்தது நான். ஊக்கு அப்படியே இருந்தது. செருப்பில்லாமல் எங்கே போயிருப்பார்?

முற்றத்துக்குள் ஓடினேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் நான் அதற்குள் கால் வைத்தது. வெள்ளைச் சமாதி, சிவப்பு மண்டபங்கள் எதையும் பார்க்கவில்லை, ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் பார்த்தேன். இல்லை. கடைசியாகப் பெரிய வாசலுக்கு வந்தேன். வெளியே, முதல் படியில், முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தார். தோளில் யாருடையதோ ஒரு பச்சைச் சால்வை. பக்கத்தில் காலியான மண் குவளைகள் மூன்று.

"அம்மா" என்றேன்.

அவர் உடனே திரும்பவில்லை. பிறகு திரும்பி, "வந்துட்டீகளா" என்றார். அவ்வளவுதான்.

வாசல் மாறி வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். கீழே பாதிப் படி இறங்கிய பிறகு இது வந்த வழி இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஏறி வந்து அந்தப் படியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அட்டையைப் படித்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் சால்வையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறாள். யாரோ கீழே போய் மதுரை ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆளில்லை. காவலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கையைப் பிடித்திருக்கிறான். "கும்பிட்டுட்டேன் தம்பி. நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்காகன்னு தமிழ்லயே சொன்னேன். என்னமோ புரிஞ்சுக்கிட்டான், விட்டுட்டான்."

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

"நீக ஏன் அழுகுறீக? தொலைஞ்சது நானு" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அந்தா அந்த மூல வயலு இருக்குல்ல, அதுக்கு ஒருத்தன் தண்ணி கட்டுனான். மட திறந்ததுல இருந்து அடைச்ச வரைக்கும் பாத்தேன். வேற என்னத்தப் பாக்க?"

"பயந்துட்டீங்களாம்மா?"

"பயமெல்லாம் இல்ல. வருவீகன்னு தெரியும். ஆனா தம்பி, தேடி வாரவனுக்கு வழி இருக்கு, ஓட்டம் இருக்கு, பொழுது போயிரும். உக்காந்திருக்கவளுக்கு ஒண்ணும் இல்ல." சால்வையை மடித்தார். "யாரும் கூப்பிடாம இருக்கணும்னுதான வந்தேன். நாலு மணி நேரம் ஒரு நாதி கூப்பிடல. போதும்டா சாமி."

செருப்பைக் கொண்டுவந்து அவர் காலுக்கு நேரே வைத்தேன். அன்று ராத்திரியே ஜெய்ப்பூர் போய்ச் சேர்ந்தோம். மிச்சம் எட்டு நாளும் அவரைக் கேபினில் என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்.

மதுரைக்கு வந்த மறுநாள் ஆபீசுக்குப் போனேன். கோவிந்தராம் சார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வாங்க ராசு. உக்காருங்க."

முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், யானைத் தும்பிக்கை முதல் மூன்று மண் குவளை வரை. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இது உங்க தப்பு இல்ல, நான் போட்ட விதியில இருக்கிற தப்பு. ஒத்த ஆளுக்கு உங்களை ஜோடி போட்டேன். எல்லாரையும் நீங்க கேக்குறீங்க. உங்களை யாரு கேக்குறா?"

மேஜைமேல் அடுத்த டூருக்கு அடுக்கி வைத்திருந்த அட்டைகளைப் பார்த்தேன்.

"கேக்க ஆள் இருக்காப்பா உனக்கு?" என்றார் மறுபடியும். இந்தத் தடவை 'நீ'. வேலை போகவில்லை என்று புரிந்தது. அன்றிலிருந்து புது விதி வந்தது: பஸ் கிளம்புவதற்கு முன்னால் சமையல்காரர் என்னிடம் வந்து, "அண்ணே, ஜோடி இருக்கா?" என்று கேட்க வேண்டும். முத்தையா இருபது வருஷம் விடாமல் கேட்டார். ஒற்றை ஆள் இல்லாத டூரிலும் கேட்பார், கிண்டலுக்கு. "இல்ல மாப்ள, போகலாம்" என்பேன்.

ஆனால் சார் கேட்டது அதை இல்லை. அது எனக்கு அன்றே தெரியும். ஆபீசை விட்டு இறங்கினால் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒத்தக்கடை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறியிருக்க வேண்டும். வியாழக்கிழமை அடுத்த டூர், துணி துவைக்க வேண்டும் என்று பசுமலைக்கு வந்தேன். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, துவைத்துக் காயப்போட்டு, வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். பிறகு அப்படியே வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் ஒத்தக்கடை போவேன். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி இலை போடுவாள். சாப்பிட்டுவிட்டு வருவேன். நாடு முழுக்க ஆட்களை இழுத்துக்கொண்டு அலைந்தவனுக்கு ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக இருபது வருஷத்தில் முடியவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இரண்டு வருஷமும் வெட்கம்தான்.

இதுவரைக்கும் நேற்று பசுமலையில் எழுதினேன். சார் கேட்ட அந்தக் கேள்வியை எழுதிய பிறகு பேனா சரியாக ஓடவில்லை. இனி எழுதுவது ஒத்தக்கடையில்.

காலையில் முதல் வேலையாக பஸ் ஏறி வந்தேன். சரோஜா கழுத்தில் இஞ்ச் டேப்போடு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளும் தங்கையும் மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார்கள். சுற்றி இத்தனை காலேஜ் வந்த பிறகு வேலைக்குக் குறைவில்லை. என்னைப் பார்த்ததும், "என்னங்க, இப்ப ஒரு விசேஷமும் இல்லையே" என்றாள்.

"சும்மாதான் வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீங்க?"

நின்றபடியே சொன்னேன். "கூப்பிட வந்தேன் சரோஜா. வீட்டுக்கு. இல்ல, எங்கயாவது போகலாம். தாஜ்மகால் போகலாம். நானும் சரியாப் பாத்ததில்ல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தொலைஞ்சவங்க நகரக் கூடாது, தொலைச்சவன்தான் நடந்து வரணும்னு உங்க சார் மாதிரியே பேசிக் காட்டுவீங்க. நானும் உக்காந்துதான் பாத்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். பெறகு நகந்துட்டேங்க. இப்ப எனக்குக் கட இருக்கு. இவ இருக்கா. மணி ஆயிருச்சுன்னா பொண்ணுக வந்து நிப்பாளுக."

"சரி. அப்ப நான் இங்க உக்காந்திருக்கேன்."

"எம்புட்டு நேரம்?"

"நீ வர்ற வரைக்கும்."

"அஞ்சரை ஆகும். மத்தியானம் சாப்பாட்டுக்கும் வர மாட்டோம்."

"ஆகட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். நேராக முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் போட்டாள். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு போனாள்.

எதிரே யானைமலை தெரிகிறது. காலையில் அதன் முதுகில் இருந்த வெயில் இப்போது இந்தப் பக்கம் வழிந்து வந்துவிட்டது. தெருவில் காலேஜ் பஸ்கள் போகின்றன. வயலும் இல்லை, தண்ணி கட்டுகிறவனும் இல்லை. வெள்ளையம்மா சொன்னது இன்றைக்குத்தான் முழுசாகப் புரிகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் நாலு மணி நேரம் இருந்தார். சரோஜா இருந்ததை நான் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

பதினொரு மணிவாக்கில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டார்.

"நான் சரோஜா வீட்டுக்காரன்."

"அப்படியா? பாத்ததே இல்லையே. பூட்டியிருக்கே, உள்ள வந்து எங்க வீட்டுல உக்காருங்க."

கழுத்தில் அட்டை இல்லை. இருந்திருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேன். "இல்லம்மா, இங்கயே இருக்கேன்" என்றேன்.

நாலு பக்கம் என்றார்கள், அதைத் தாண்டிவிட்டது. தம்பிகளா, புதுப் போனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மணி நாலே காலாகிறது. சொம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வர ஐந்து நிமிஷம் ஆகாது. நான் நகரவில்லை.